மகளுக்குச் சொல்லாத வாக்குமூலம்

அமெரிக்காவின் 62ஆவது காங்கிரஸ் வெளியிட்ட ஆவணங்களில் ஒன்றின் எண் 671. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் 1912இல் நடந்த மில் வேலைநிறுத்தம் பற்றி, பிரதிநிதிகள் சபையின் விதிகள் குழு மார்ச் 2 முதல் 7 வரை நடத்திய விசாரணையின் பதிவு அது. கேள்வியும் பதிலுமாகப் பக்கம் பக்கமாக நீளும் இந்தப் பதிவில் கமெல்லா தெயோலி என்ற இத்தாலியச் சிறுமியின் சாட்சியமும் இருக்கிறது. வயதைக் கேட்டபோது பதினான்கு வருடம் எட்டு மாதம் என்று சொன்னாள்.

அவள் சொன்ன கதை சிறியது. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் ஓர் ஆள் வீடு தேடி வந்து, பெண்ணை ஏன் வேலைக்கு அனுப்பவில்லை என்று அவள் அப்பாவைக் கேட்டான். அவளுக்குப் பதிமூன்றா பதினான்கா என்றே தனக்குச் சரியாகத் தெரியவில்லை என்றார் அப்பா. நான்கு டாலர் கொடுத்தால், பதினான்கு முடிந்துவிட்டதாக ஊரிலிருந்தே காகிதம் வரவழைத்துத் தருவதாக அந்த ஆள் சொன்னான். பணம் கைமாறியது, ஒரு மாதத்தில் காகிதம் வந்தது. மில்லுக்குப் போன இரண்டு வாரத்தில் நூல் முறுக்கும் இயந்திரம் அவள் முடியைப் பிடித்திழுத்து, உச்சித் தோலைப் பிய்த்தெடுத்துவிட்டது. ஏழு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கம்பெனி ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டியது. வேலைக்குப் போகாத மாதங்களுக்குக் கூலி எதுவும் தரவில்லை. ஏன் வேலைநிறுத்தம் செய்தாய் என்று கேட்டதற்கு, வீட்டில் வயிறாரச் சாப்பாடு இல்லை என்றாள். ஜனாதிபதி டாஃப்ட்டின் மனைவி ஹெலன் டாஃப்ட் விசாரணை மண்டபத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த நாட்களில் நாடெங்கும் பத்திரிகைகள் அந்தச் சிறுமியைப் பற்றி எழுதின.

கமெல்லா லாரன்சுக்குத் திரும்பினாள். மறுபடி மில் வேலை, கல்யாணம், குழந்தைகள், முதுமை என்று வாழ்க்கை அந்த ஊரிலேயே கழிந்தது. 1970களின் நடுவில் ‘வில்லேஜ் வாய்ஸ்’ வார இதழின் செய்தியாளர் பால் கோவன் அவளைத் தேடி லாரன்ஸ் போனபோது அவள் உயிரோடு இல்லை. மகளைப் பார்த்துப் பேசினார். அம்மா வாஷிங்டன் போனதும், காங்கிரஸ் முன்னால் சாட்சி சொன்னதும், ஜனாதிபதி மனைவி கேட்டதும், தேசமே பேசியதும் மகளுக்குத் தெரியாது. ஆனால் அம்மாவின் தலை தெரியும். தினமும் அம்மாவுக்குத் தலைவாரிக் கொண்டை போட்டுவிட்டவர் அவர்தான். சுமார் ஆறு அங்குல அகலத்துக்கு முடியில்லாமல் கிடந்த வழுக்கையை அந்தக் கொண்டை மறைத்தது. கோவன் இதை 1979இல் எழுதினார்.

இத்தாலியிலிருந்து அமெரிக்கா போய் ஆலைகளில் உழைத்த பெண்களின் நினைவைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு இந்தக் கொண்டைதான் முதலில் வருகிறது. அந்தத் தலைமுறைப் பெண்கள்தான் இன்றைய இத்தாலிய அமெரிக்கர்களின் பாட்டிகளும் பூட்டிகளும். அவர்களை வரலாறு மறந்துவிட்டது என்பது வழக்கமான புலம்பல். கமெல்லா விஷயத்தில் வரலாறு எதையும் மறக்கவில்லை. அரசாங்க அச்சகத்தில் அச்சாகி நூலகங்களில் பத்திரமாகவே இருந்தது. வீடும் மறக்கவில்லை, காயத்தின் அளவுகூட மகளின் விரலுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு நினைவுகளும் அறுபது வருடத்துக்கு மேல் ஒன்றை ஒன்று சந்திக்கவே இல்லை. அது ஏன் என்பதுதான் ஆராய வேண்டியது.

லாரன்ஸ் மில்லுக்காகவே பிறந்த ஊர். 1840களில் பாஸ்டன் முதலாளிகள் மெரிமாக் ஆற்றில் அணை கட்டி, அதன் நீர்விசையை நம்பி எழுப்பியது. முதலில் ஐரிஷ்காரர்களும் பிறகு கனடா பிரெஞ்சுக்காரர்களும் வந்தார்கள். நூற்றாண்டு திரும்பும்போது இத்தாலியர், போலந்துக்காரர், லித்துவேனியர், சிரியர் என்று கூட்டம் பெருகியது. 1906 வாக்கில் அமெரிக்கன் வூலன் கம்பெனி எழுப்பிய வுட் மில் உலகின் மிகப் பெரிய கம்பளி ஆலைகளில் ஒன்று. கம்பெனித் தலைவர் வில்லியம் வுட்டின் பெயரையே அதற்கு வைத்தார்கள். வேலைநிறுத்தத்துக்குப் பின் தொழிலாளர் துறை ஆணையர் சார்லஸ் நீல் செனட்டுக்குத் தந்த அறிக்கைப்படி, தொழிலாளரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வாரக்கூலி ஏழு டாலருக்கும் குறைவு. லாரன்சில் மருத்துவம் பார்த்த எலிசபெத் ஷேப்லி, மில் வேலைக்குப் போகும் நூறு பேரில் முப்பத்தாறு பேர் இருபத்தைந்து வயதுக்குள் இறந்துவிடுகிறார்கள் என்று எழுதினார்.

வேலைநிறுத்தத்துக்குத் தீ மூட்டியது ஒரு நல்ல சட்டம். பெண்களும் சிறுவர்களும் வாரம் 56 மணி நேரம் வேலை செய்ததை 54ஆகக் குறைத்து மாநில அரசு கொண்டுவந்த சட்டம் 1912 ஜனவரி 1இல் அமலுக்கு வந்தது. முதலாளிகள் கூலியையும் அதே கணக்கில் குறைத்தார்கள். பிடித்தது வாரத்துக்குச் சுமார் 32 சென்ட். அன்றைய விலையில் அது சில ரொட்டிகளின் காசு. ஜனவரி 11ஆம் தேதி எவரெட் மில்லில் போலந்துப் பெண் நெசவாளிகள் கூலி உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தறியை நிறுத்தினார்கள். மறுநாள் வாஷிங்டன், வுட் மில்களிலிருந்து இத்தாலியர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். சில நாட்களில் இருபதாயிரம் பேருக்கு மேல் தெருவில். ‘ஐ.டபிள்யூ.டபிள்யூ.’ தொழிற்சங்கத்தின் ஜோசஃப் எட்டோரும், கவிஞரும் பத்திரிகையாளருமான ஆர்தூரோ ஜொவனீட்டியும் வந்து சேர்ந்தார்கள். மில் வாசலில் கூட்டமாக நிற்பதற்குத் தடை என்றதும், தொழிலாளர்கள் நிற்காமல் சங்கிலி போல ஆலைப் பகுதியைச் சுற்றி நடந்துகொண்டே மறியல் செய்தார்கள்.

அடுப்பில் ஏற்ற எதுவும் இல்லாத வீடுகளிலிருந்து பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பலாம் என்ற யோசனை இத்தாலியத் தொழிலாளர்களின் அனுபவத்திலிருந்து வந்தது. அவர்கள் ஊரில் அப்படி நடந்திருந்தது. பிப்ரவரி 10ஆம் தேதி 119 பிள்ளைகள் நியூயார்க் போனார்கள். கூடப் போன நர்சுகளில் ஒருவர் மார்கரெட் சாங்கர். குடும்பக் கட்டுப்பாட்டு இயக்கத்தால் பின்னாளில் உலகம் அறிந்த அதே சாங்கர்தான். கம்பளி நெய்கிறவர்களின் அந்தப் பிள்ளைகளில் நான்கு பேர் மட்டுமே உள்ளாடை போட்டிருந்தார்கள் என்று அவரும் காங்கிரஸ் குழுவிடம் சாட்சி சொன்னார். பிப்ரவரி 24ஆம் தேதி ஃபிலடெல்ஃபியா போக ரயில் நிலையத்துக்கு வந்த தாய்மாரையும் பிள்ளைகளையும் போலீஸ் தடியால் அடித்து இழுத்துப் போனது. அந்தச் செய்திதான் காங்கிரசை அசைத்தது. விஸ்கான்சினின் சோஷலிஸ்ட் உறுப்பினர் விக்டர் பெர்கர் விசாரணைக்கு வழி செய்தார். கமெல்லா வாஷிங்டன் போனது இப்படித்தான். மார்ச் 14ஆம் தேதி தொழிலாளர்கள் வெற்றியோடு போராட்டத்தை முடித்தார்கள். கூலி 5 முதல் 25 சதவிகிதம் வரை கூடியது. குறைந்த கூலிக்காரருக்குக் கூடுதல் உயர்வு.

இவ்வளவு பெரிய வெற்றியைப் பெற்றவர்கள் பேரப்பிள்ளைகளிடம் அதைக் கதை கதையாகச் சொல்லியிருக்க வேண்டுமே என்று தோன்றும். நடந்தது நேர்மாறு. வெற்றிக்குப் பின் வந்த மாதங்களைப் பார்த்தால் காரணம் புரியும். வேலைநிறுத்தத்தின் நடுவிலேயே, ஜனவரி 29ஆம் தேதி, தெருவில் குண்டுபட்டுச் செத்தாள் அன்னா லோபிட்சோ என்ற இத்தாலியத் தொழிலாளி. அந்தக் கொலைக்கு உடந்தை என்று எட்டோரையும் ஜொவனீட்டியையும் பிடித்து நவம்பர் 26 வரை சிறையில் வைத்திருந்தார்கள். சம்பவ இடத்தில் இருவரும் இல்லை, கடைசியில் விடுதலையானார்கள். போராட்டக்காரர்கள்மேல் பழி போட நகரில் டைனமைட்டைப் பதுக்கி வைத்த ஜான் பிரீன் உள்ளூர்ப் பிரமுகர், பள்ளிக் குழு உறுப்பினர். அவருக்குக் கிடைத்த தண்டனை 500 டாலர் அபராதம். இந்த இரண்டு கணக்கையும் அருகருகே வைத்துப் பார்க்க எந்தக் குடியேறிக் குடும்பத்துக்கும் தெரிந்திருக்கும்.

இலையுதிர்காலத்தில், கைதிகளுக்காக நடந்த ஓர் ஊர்வலத்தில் கடவுளும் வேண்டாம் எஜமானனும் வேண்டாம் என்ற பதாகை தென்பட்டது. நகரப் பெரியவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அக்டோபர் 12ஆம் தேதி கடவுளுக்காகவும் நாட்டுக்காகவும் என்று மாபெரும் கொடி ஊர்வலம் நடத்தினார்கள். முன்னின்றவர்களில் கத்தோலிக்கப் பாதிரியார் ஜேம்ஸ் ஓ’ரெய்லி முக்கியமானவர். தேர்ந்தெடுத்த நாள் கொலம்பஸ் தினம். இத்தாலியர்கள் தங்கள் பெருமை என்று கொண்டாடும் நாள். எந்தப் பக்கம் நிற்கிறாய் என்ற கேள்வியை இதைவிடக் கூர்மையாகக் கேட்க முடியாது. வேலைநிறுத்தம் லாரன்சின் அதிகாரபூர்வ நினைவில் ஒரு களங்கமாகப் பதிந்தது அந்த ஊர்வலத்திலிருந்துதான். வந்தேறிக் கலகக்காரர்கள் அமைதியான ஊரைக் கெடுத்தார்கள், நல்ல குடிமக்கள் மீட்டார்கள் என்பதே பிறகு ஊரில் புழங்கிய கதை.

அதன் பின்னும் பேசாமல் இருப்பதற்கான காரணங்கள் கூடிக்கொண்டே போயின. 1920இல் அதே மாசசூசெட்சில் இத்தாலிய அராஜகவாதிகளான சாக்கோவும் வான்செட்டியும் ஒரு கொலை வழக்கில் கைதானார்கள். ஒருவர் செருப்புத் தொழிற்சாலைத் தொழிலாளி. மற்றவர் மீன் விற்றுக்கொண்டிருந்தவர். 1927 ஆகஸ்ட் 23இல் மின்சார நாற்காலியில் இருவர் உயிரும் போனது. இடையில் 1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் இத்தாலியிலிருந்து வருவதையே ஏறக்குறைய அடைத்துவிட்டது. 1941 டிசம்பரில் போர் மூண்டதும், குடியுரிமை பெறாத சுமார் ஆறு லட்சம் இத்தாலியர்கள் ஒரே இரவில் ‘எதிரி அந்நியர்’ ஆனார்கள். அவர்களில் நிறையப் பேர் வயதான பெண்கள். மகன் அமெரிக்கப் படையில், தாய் எதிரிப் பட்டியலில் என்ற வீடுகளும் உண்டு. எதிரியின் மொழியில் பேசாதே என்ற சுவரொட்டிகள் வந்தன. அந்தப் பட்டம் நீங்கும் என்ற அறிவிப்பு 1942 அக்டோபர் 12இல் வந்தது. மறுபடியும் கொலம்பஸ் தினம்.

கமெல்லாவின் மௌனத்துக்கு அச்சம் ஒன்றே காரணம் என்று எல்லாவற்றையும் முடித்துவிடவும் எனக்கு மனம் வரவில்லை. சாட்சியத்தை மறுபடி படித்தால் வேறொன்று உறுத்துகிறது. அதில் கம்பெனி மட்டும் வரவில்லை, அப்பாவும் வருகிறார். நான்கு டாலர் கொடுத்துப் பொய்க் காகிதம் வாங்கியவர் அவர். அவருக்கும் வேறு வழியில்லை, வயிற்றுப்பாடு என்று நாம் சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் கதையைத் தன் பிள்ளைகளுக்குச் சொல்லும் மகள், அவர்களுடைய தாத்தாவைக் கூண்டில் ஏற்றாமல் சொல்ல முடியாது. காங்கிரஸ் குழுவிடம் ஒருமுறை சொன்னாயிற்று. சாப்பாட்டு மேஜையில் எதற்கு? இது என் கணிப்புதான். ஆயினும் குடியேறிய வீடுகளின் மௌனங்களில் பாதி போலீசுக்குப் பயந்தவை என்றால் மீதிப் பாதி பெற்றவர்களைக் காட்டிக்கொடுக்க மனமில்லாதவை என்றே நினைக்கிறேன்.

இந்த மௌனம் விட்டுவைத்த இடத்தை நிரப்பியவள்தான் இன்று எல்லோருக்கும் தெரிந்த ‘நோன்னா’, இத்தாலியப் பாட்டி. கறுப்பு உடை, ஜெபமாலை, ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து அடுப்பில் கொதிக்கும் தக்காளிக் குழம்பு. சினிமாவிலும் பாஸ்தா விளம்பரத்திலும் இவளைப் பார்த்திருக்கிறோம். பொய் என்று சொல்ல முடியாது. அந்தக் குழம்பு உண்மையிலேயே கொதித்தது. ஆனால் இவள் ஒருநாளும் சம்பள உறை வாங்காதவள் போலவும், புருஷன் சொல்லைத் தட்டாத வீட்டுப் பிராணி போலவும் தெரிகிறாள். அந்தக் காலத்து அமெரிக்கச் சீர்திருத்தவாதிகளும் சங்கத் தலைவர்கள் சிலரும் இத்தாலியப் பெண்களைச் சங்கத்துக்கு லாயக்கற்ற சாதுக்கள் என்றே எழுதினார்கள். லாரன்ஸ் தெருக்களில் அவர்களைப் பார்த்த பிறகும் அந்த எண்ணம் முழுதாகப் போகவில்லை. வரலாற்றாசிரியர் ஜெனிஃபர் குலியெல்மோ 2010இல் வெளியிட்ட நூலில், நியூயார்க் இத்தாலியப் பெண்களிடையே அராஜகவாதக் குழுக்களும் வேலைநிறுத்தங்களும் எப்படிப் பரவியிருந்தன என்று விரிவாகக் காட்டியிருக்கிறார்.

சமையலறை ஒரு பக்கம், ஆலை இன்னொரு பக்கம் என்ற பிரிவே அந்தப் பெண்களின் வாழ்க்கைக்குப் பொருந்தாது. நியூயார்க்கின் நெரிசலான குடியிருப்புகளில் சமையலறை மேஜைதான் பட்டறை. கடையிலிருந்து மூட்டையாக வரும் கால்சட்டைகளுக்குக் கடைசித் தையல் போடுவது, துணிப் பூக்களுக்கு இதழ் ஒட்டுவது, பருப்பை ஓடு நீக்கிக் கொடுப்பது எல்லாம் சாப்பிட்ட மேஜையைத் துடைத்துவிட்டு நடக்கும். கைக்குழந்தை மடியில், மூத்த பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து உதவியாக. புகைப்படக்காரர் லூயிஸ் ஹைன் இந்தக் காட்சியை எத்தனையோ படங்களாக எடுத்திருக்கிறார். கல்யாணத்துக்கு முன்னால் தொழிற்சாலை, பிள்ளை பிறந்தபின் இந்த வீட்டுவேலை, பிள்ளைகள் வளர்ந்ததும் திரும்பத் தொழிற்சாலை என்பது பலரின் சுற்று. 1911 மார்ச் 25இல் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து இறந்த 146 பேரில் பெரும்பாலோர் இளம் யூதப் பெண்களும் இத்தாலியப் பெண்களும். அவர்களில் ஆறு பேரின் பெயரைக் கண்டுபிடிக்க நூறு வருடம் ஆயிற்று. மைக்கேல் ஹிர்ஷ் என்ற ஆய்வாளர் பழைய செய்தித்தாள்களையும் பதிவேடுகளையும் அலசி 2011இல் அதை முடித்தார்.

பேசியவர்களும் இருக்கிறார்கள். ரோசா அப்படி ஒருத்தி. மிலான் நகரின் அநாதைக் குழந்தைகள் இல்லத்தில் விடப்பட்டவள். லொம்பார்டியின் குஜ்ஜோனோ கிராமத்தில் வளர்ப்புத் தாயிடம் வளர்ந்து, சிறுமியாகவே பட்டு ஆலைக்குப் போனவள். 1884இல் மிசௌரியின் இரும்புச் சுரங்க முகாமில் இருந்த கணவனிடம் அனுப்பப்பட்டாள். பின்னர் சிகாகோவில் ஏழைகளுக்கான ஒரு சமூக இல்லத்தில் துப்புரவு வேலை. கதை சொல்வதில் கெட்டிக்காரி. அங்கே வேலை செய்த மேரி ஹால் எட்ஸ் என்ற பெண் அவள் சொன்னதையெல்லாம் எழுதி வைத்தார். 1970இல்தான் அது புத்தகமானது. ரோசா இறந்து இருபத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. கமெல்லாவையும் ரோசாவையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு வித்தியாசம் கண்ணில் படுகிறது. ரோசாவின் கதையை எழுதியவர் குடும்பத்துக்கு வெளியே இருந்தவர். கமெல்லாவின் கதையை எழுதியதும் அரசாங்கத்தின் சுருக்கெழுத்தர்தான். பாட்டியின் கதை பேரப்பிள்ளைகளுக்கு நேராக இறங்கிவரும் என்ற நம்பிக்கையை இரண்டுமே கேள்விக்கு உள்ளாக்குகின்றன. வெளியாளிடம் சொல்ல முடிந்தது சொந்தப் பிள்ளையிடம் சொல்ல முடியாமல் போயிருக்கலாம்.

கோவனின் கட்டுரை லாரன்சைப் பேச வைத்தது. 1980இல் ஊரில் ஒரு பாதைக்குக் கமெல்லா தெயோலியின் பெயரை வைத்தார்கள். பிறகு ஒவ்வோர் ஆண்டும் அமெரிக்கத் தொழிலாளர் தினத்தில் ‘ரொட்டியும் ரோஜாவும்’ என்ற பெயரில் விழா நடக்கத் தொடங்கியது. ஒன்று சொல்ல வேண்டும். 1912இல் லாரன்ஸ் பெண்கள் ரொட்டியும் வேண்டும் ரோஜாவும் வேண்டும் என்று பதாகை பிடித்தார்கள் என்பது எங்கும் சொல்லப்படுகிறது. அந்தத் தலைப்பில் ஜேம்ஸ் ஓப்பன்ஹைம் எழுதிய கவிதை அச்சானது 1911 டிசம்பரில், அதாவது வேலைநிறுத்தம் தொடங்குவதற்கு முன்னால். லாரன்சில் அப்படி ஒரு பதாகை இருந்ததற்கு உறுதியான சான்று இல்லை. அறுபது வருடம் வாய் மூடியிருந்த ஊர், வாய் திறந்ததும் கொஞ்சம் அலங்காரத்தோடு பேசுகிறது. எனக்கு அதில் பெரிய ஆட்சேபம் இல்லை. ஆனால் 32 சென்ட் என்ற கணக்குக்கு ரோஜாவைவிட வலு அதிகம்.

காங்கிரஸ் முன்னால் நின்ற பாட்டி எல்லோருக்கும் இருக்க மாட்டாள். மற்றவர்கள் தேட வேண்டிய இடங்கள் வேறு. முதல் தடுமாற்றம் பெயரில் வரும். இத்தாலியப் பதிவேடுகளில் பெண்ணுக்குச் சாகும்வரை பிறந்த வீட்டுப் பெயர்தான். கப்பல் பட்டியல்களிலும் பெரும்பாலும் அப்படியே. அமெரிக்காவில் இறங்கிய பிறகு கணவன் பெயர். ஒரே பெண்ணை இரண்டு பேராக நினைத்துக் கைவிட்டவர்கள் ஏராளம். 1900, 1910 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் கல்யாணமான பெண்களிடம் எத்தனை பிள்ளை பெற்றாய், இப்போது எத்தனை உயிரோடு என்று கேட்டிருக்கிறார்கள். ஒன்பது, ஐந்து என்று இரண்டு கட்டங்களில் எழுதியிருந்தால் நான்கு சவப்பெட்டிகள் என்று படித்துக்கொள்ள வேண்டும். அதே வரியின் தொழில் கட்டத்தை நம்பக் கூடாது. இரவு பகலாகக் கால்சட்டை தைத்தவளுக்கும், ஐந்தாறு வாடகை ஆட்களுக்குச் சமைத்துத் துவைத்துப் போட்டவளுக்கும் அங்கே ‘இல்லை’ என்றே இருக்கும்.

குடியுரிமைக் காகிதத்திலும் பெண்ணைக் காண்பது அரிது. 1922 வரை மனைவி கணவனோடு சேர்ந்தே குடிமகள் ஆனாள். அவளுக்கென்று தனி மனு கிடையாது. அதனால் ஆய்வாளருக்கு அதிகம் உதவுவது ஒரு வேண்டாத காகிதம்தான். 1940ஆம் ஆண்டு அந்நியர் பதிவுச் சட்டம், பதினான்கு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு வெளிநாட்டவரும் தபால் நிலையம் போய்ப் பதிந்து விரல் ரேகை வைக்க வேண்டும் என்றது. எழுதப் படிக்கத் தெரியாத, நாற்பது வருடமாக அந்த மண்ணில் இருந்த, குடியுரிமை கேட்டே பார்க்காத கிழவிகள் வரிசையில் நின்றார்கள். எந்த ஊரில் பிறந்தாய், எந்தக் கப்பலில் வந்தாய், என்ன வேலை செய்கிறாய், எந்தச் சங்கங்களில் இருக்கிறாய் என்று படிவம் கேட்டது. சந்தேகப்பட்டுக் கேட்ட கேள்விகள்தான். ஆனால் அந்தப் பெண்களில் பலரை அவரவர் பெயரில் உட்கார வைத்து வாழ்க்கையைக் கேட்ட ஒரே படிவமும் அதுதான். அமெரிக்கக் குடியேற்றத் துறையின் வம்சாவளிப் பிரிவுக்கு மனுப் போட்டுக் கட்டணம் கட்டினால் அதன் நகல் கிடைக்கும்.